பட்டிழையும் பறவையிறகும்

ஒரு பொருளின் தகுதியை அறிய விரும்புவோர் அதனைக் கையில் எடுத்துப் பார்க்கின்றனர், விலையை வினவுகின்றனர், பிறர் கூறும் புகழ்ச்சியையும் கேட்கின்றனர். ஆயின், அப்பொருள் எங்கே நின்று தொழில் செய்ய வேண்டுமோ அங்கே அதனை நிறுத்திப் பார்ப்பவர் சிலரே. கடையின் விளக்கொளியில் கண்ணைக் கவர்ந்த ஆடை, வீட்டு முற்றத்து வெயிலில் வேறு நிறங்காட்டி, வாங்கியவரை வருந்தச் செய்வதை நாம் அறிவோம். இங்ஙனம் ஏமாறாதிருக்கக் கற்பிக்கும் சிறு கைத்தொழில் ஒன்று இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் வாழையடி வாழையாக வழங்கி வருகின்றது. டிரவுட்டு என்னும் ஆற்று மீனைப் பிடிப்பதற்காகப் பட்டிழையாலும் பறவையிறகாலும் போலி ஈக்களைக் கட்டுவதே அத்தொழில். கட்டி முடித்த ஈ நம் சுண்டுவிரல் நகத்தின் அளவே இருக்கும். அச்சிறு பொருளுக்கு வேண்டிய இழையையும் இறகையும் தேர்ந்தெடுப்பதில் அந்நாட்டார் செலுத்தும் கருத்தோ மிகப் பெரிது.

யார்க்ஷயர் என்பது வட இங்கிலாந்தில் உள்ள ஒரு பெருநிலப் பகுதி. அங்கே பென்னைன் என்னும் மலைத்தொடரின் சரிவில் ஸ்வேல், யூர், நிட், வார்ஃப் முதலிய ஆறுகள் தோன்றிப் பள்ளத்தாக்குகளின் வழியே ஓடுகின்றன. மேட்டு நிலங்களில் பாசியும் புல்லும் மட்கிச் செறிந்த கரிய மண் உண்டு. மழைக்காலத்தில் அம்மண்ணில் ஊறி இறங்கும் நீர், தேயிலை வடித்த நீர்போல் இளம்பழுப்பு நிறங்கொள்ளும். பாறைகளில் மோதித் துள்ளி வரும் அந்நீர் குளிர்ச்சியும் உயிர்வளியும் மிக்கது. அத்தகைய நீரே டிரவுட்டு மீனுக்கு உறைவிடம். பொன் கலந்த பழுப்பு நிற உடலில் கரும்புள்ளிகளும் செம்புள்ளிகளும் விளங்க, அது நீரோட்டத்தை எதிர்நோக்கி ஒரு கல்லின் மறைவில் நிற்கும். நீர் கொண்டுவரும் இரையை வாய்திறந்து ஏற்கும். இதன் உறவினமாகிய வானவில் டிரவுட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நீலகிரி மலையின் குளிர்ந்த ஓடைகளிலும் கொண்டுவந்து விடப்பட்டது.

டிரவுட்டு மீனின் உணவுள் சிறந்தவை நீர்ப்பூச்சிகள். அவற்றுள் 'மே ஈ' என ஆங்கிலேயர் வழங்கும் இனத்தின் வாழ்க்கை வியப்புக்குரியது. முட்டையினின்று வெளிப்பட்ட இளம்பூச்சி ஆற்றின் அடியிலுள்ள கற்களைப் பற்றிக்கொண்டு பல திங்கள் வாழ்கின்றது. பருவம் எய்தியதும் நீரின் மேற்பரப்பை நோக்கி எழுந்து, தன் தோலைப் பிளந்து, சிறகுடன் வெளிப்படுகின்றது. சிறகு பெற்ற பின்னும் ஒருமுறை தோலுரிப்பது, இன்றுள்ள பூச்சிகளுள் இவ்வினத்திற்கே உரிய இயல்பாகும். சிறகு பெற்றபின் அது உண்பதில்லை. சில மணி நேரமோ, ஓரிரு நாட்களோ உயிர் வாழ்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். அடியிலிருந்து மேலெழும் அவ்விடைவேளையில்தான் அதற்கு இடர் மிகுதி. தோலை முற்றும் கழற்ற இயலாது தத்தளிப்பனவும், சிறகு நனைந்து மூழ்குவனவும் நீரோட்டத்தில் உருண்டு செல்ல, மீன்கள் அவற்றை எளிதில் விழுங்குகின்றன. இப்பூச்சியின் உடல் ஒளியைத் தன்னூடே சிறிது விடுவது. கால்கள் மெலிந்து அசைவன. இவ்விரண்டு இயல்புகளையும் உள்ளத்தில் இருத்துக. முன்னையதன் பொருட்டே பட்டிழையும், பின்னையதன் பொருட்டே பறவையிறகும் தேடப்படுகின்றன.

உண்மைப் பூச்சியைத் தூண்டில் முள்ளில் கோத்தால் அது சிதைந்துவிடும். ஆதலின், அதன் சாயலைச் செய்து முள்ளில் கட்டும் வழக்கம் எழுந்தது. 1496ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சேறிய தூண்டில் நூல் ஒன்று 12 போலி ஈக்களின் செய்முறையைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்றிற்குக் கௌதாரியின் இறகு சொல்லப்பட்டிருக்கின்றது. ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் கௌதாரியின் இறகு இன்றும் அத்தொழிலில் முதலிடம் பெறுகின்றது என்றால், அத்தேர்வு எத்துணைச் செம்மையானது என்பது விளங்கும். 1885ஆம் ஆண்டில் பிரிட் என்பவர் யார்க்ஷயர் ஆறுகளில் வழங்கிய 62 வகை ஈக்களைத் தொகுத்து வண்ணப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். அதுகாறும் தந்தையிடமிருந்து மகனும், முதியோரிடமிருந்து இளையோரும் பெற்று வந்த அறிவு அந்நூலால் நிலைபேறு பெற்றது.

வடநாட்டு ஈயின் அமைப்பு மிக எளியது. எஃகு முள்ளின் தண்டில் பட்டிழையை நெருங்கச் சுற்றினால் அதுவே உடல். முள்ளின் தலைப்பக்கத்தில் ஓர் இறகை இரண்டு சுற்றுச் சுற்றினால், தண்டின் இருபாலும் உள்ள மெல்லிய கீற்றுகள் குடைக்கம்பிகள் போல நாற்புறமும் விரியும். அவையே கால்களும் சிறகும். பின்னர் இழையைத் தன் சுற்றுக்குள்ளேயே செலுத்தி இறுக்கி அறுத்துவிட்டால் வேலை முடிந்தது. சிலந்தியைப் போன்ற தோற்றம் உடைமையால் இதனைச் 'சிலந்தி' என்றே அழைக்கின்றனர். பல உறுப்புகள் கொண்ட பொருளில் ஓர் உறுப்பின் குறையை மற்றோர் உறுப்பு மறைக்கக்கூடும். இழையும் இறகும் ஆகிய இரண்டே கொண்ட இதில் குறையை மறைக்க இடமில்லை. ஆதலின், தேர்வே இத்தொழிலின் உயிர் எனலாம்.

முதற்கண் பட்டிழையை நோக்குவோம். பருத்தி நூல் இருக்கப் பட்டினை நாடுவது ஏன்? பட்டுப்புழு நூற்கும் இழை மிக நுண்ணியதாயினும் வலியது. முள்ளின்மேல் பருமன் ஏற்றாது படிவது. அதன் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவினது. அதனால் ஒளி அதன்மேல் பட்டுச் சிதறி மின்னுகின்றது. ஒளியைச் சிறிது ஊடுருவவும் விடுகின்றது. பூச்சியின் உடலைப் போன்ற பொருள் இதனினும் எளிதில் கிடைப்பது அரிது. 1795ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய பியர்சால் நிறுவனத்தின் நுண்பட்டு, தலைமுறை தலைமுறையாக ஈ கட்டுவோர் கைகளில் வழங்கியது.

பட்டின் நிறத்தைத் தேர்வதிலேதான் புதியவர் தடுமாறுவர். ஆற்றங்கரையில் ஒரு பூச்சியைப் பிடித்து, அதன் நிறத்தை ஒத்த இழையைக் கடையில் தேடி எடுத்து முள்ளில் சுற்றுவர். கையில் இருக்குங்கால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நீரில் இட்டவுடன் நூலின் நிறம் மாறிவிடும். மஞ்சள் பச்சை கலந்து மங்கும். செம்மஞ்சள் துருவேறிய பழுப்பாகும். ஊதா கருமை அடையும். கையில் ஒத்தது நீரில் ஒவ்வாது போகும்.

இம்மாற்றத்தின் காரணம் யாது? உலர்ந்த இழையின் நுண்ணிய நார்களுக்கு இடையே காற்று நிறைந்திருக்கின்றது. நாருக்கும் காற்றுக்கும் இடையே ஒளி பலமுறை திரும்பிச் சிதறுவதால் இழை வெளிறித் தோன்றுகின்றது. நனைந்தபோது காற்றின் இடத்தை நீர் நிரப்புகின்றது. நீரின் இயல்பு காற்றைக் காட்டிலும் நாரின் இயல்பிற்கு நெருங்கியது. ஆதலால் ஒளி சிதறுவது குறைந்து உள்ளே செல்கின்றது. நிறம் ஆழ்ந்து தோன்றுகின்றது. அதனடியிலுள்ள முள்ளின் கருமையும் மேலே தெரிகின்றது. வெண்ணிற வேட்டி மழையில் நனைந்தால் உடலின் நிறம் அதனூடே தோன்றுவதும் இக்காரணத்தாலேயாம்.

மாணவர்களே, இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மஞ்சள் நிறப் பட்டிழையைச் சிறிது எடுத்து, பாதியை ஓர் இரும்பாணியின்மேலும் மற்றப் பாதியை வெண்ணிறக் குச்சி ஒன்றின்மேலும் நெருங்கச் சுற்றுங்கள். உலர்ந்த நிலையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். பின்னர் வெண்கிண்ணத்து நீரில் இரண்டையும் மூழ்குவித்துப் பகலொளியில் நோக்குங்கள். ஒரே இழை இரு நிறங்காட்டும். இழையின் நிறம் இழையில் மட்டும் இல்லை, அதனைத் தாங்கும் பொருளிலும் சூழும் நீரிலும் பார்க்கும் ஒளியிலும் கலந்திருக்கின்றது என்னும் உண்மை உங்கள் கண்முன் நிற்கும். தேர்ந்த தொழிலாளர் இழையை வாங்குமுன் செய்யும் சோதனையும் இதுவே. முள்ளில் சுற்றி, நனைத்து, பகலொளியில் பார்த்த பின்னரே அவர்கள் நிறத்தை முடிவு செய்கின்றனர்.

ஒளியில் வைத்துப் பார்க்கும் இம்முறை புதியதன்று. டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த சார்லஸ் காட்டன் என்னும் கவிஞர், ஐசக் வால்டன் இயற்றிய புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு 1676ஆம் ஆண்டில் இரண்டாம் பகுதி எழுதிச் சேர்த்தார். ஈயின் உடலுக்கு வேண்டிய மயிரைக் கையில் வைத்துப் பார்த்தல் போதாது, கதிரவனுக்கும் கண்ணுக்கும் நடுவே உயர்த்திப் பிடித்துப் பார்த்தல் வேண்டும் என்று அவர் அதில் அறிவுறுத்தினார். மீன் கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது. அதன் கண்ணுக்கு இரையின் பின்புறத்தே வானொளி நிற்பது. ஆகவே, மீன் நிற்கும் இடத்தில் தம்மை நிறுத்திக் காண முயன்றவர் காட்டன் என்பது புலனாகின்றது.

இழைக்கு மெழுகு இடுதலும் தேர்வின் ஒரு பகுதியே. மெழுகிட்ட இழை முள்ளை வழுக்காமல் பற்றும். நீரால் எளிதில் கெடாது. ஆயின் மெழுகு நிறத்தையும் மாற்றும். வெளிய தேன்மெழுகு இழையின் நிறத்தைச் சிறிதே ஆழமாக்கும். தோல் தைப்போர் தம் நூலுக்கு இடும் கருமெழுகோ மஞ்சள் இழையை ஆலிவுக் காயின் மங்கிய பசுமைக்குக் கொண்டு செல்லும். இதனைக் குறையெனக் கருதாது கருவியாகக் கொண்டவரின் வரலாறு ஒன்று உண்டு.

டர்ஹம் நகரத்துத் திருச்சபையைச் சார்ந்தவரும் தொல்பொருள் ஆராய்ச்சியாளருமான வில்லியம் கிரீன்வெல் என்பவர் 1854ஆம் ஆண்டு மே திங்களில் ட்வீட் ஆற்றில் மீன்பிடிக்கச் சென்றார். மீன்கள் ஒரு பூச்சியை மிக விரும்பி உண்பதையும், தம்மிடமுள்ள ஈக்களை ஏறெடுத்தும் பாராமையையும் கண்டார். அப்பூச்சிகளுள் ஒன்றைப் பிடித்து, ஸ்புரூஸ்டன் என்னும் சிற்றூரில் ஈ கட்டும் தொழில் செய்த ஜேம்ஸ் ரைட் என்பவரிடம் கொண்டு சென்றார். ரைட் மஞ்சள் பட்டிழையை எடுத்துக் கருமெழுகை நன்கு தேய்த்து அதன் ஒளியை மங்கச் செய்து உடலாக்கினார். கரும்பறவை ஒன்றின் இறகைச் சிறகாக்கினார். மறுநாள் கிரீன்வெல் பெற்ற மீன்கள் மிகப் பல. அன்றிரவு நண்பர் கூடியிருந்தபோது, அவ்வூர்ப் பள்ளியாசிரியர் அந்த ஈக்குக் 'கிரீன்வெல்லின் பெருமை' எனப் பெயர் சூட்டினார் என்பர். பெயர் கிரீன்வெல்லுக்கு உரியதாயிற்று. அழுக்கு மெழுகால் அழகிய மஞ்சளை மங்கச் செய்யத் துணிந்த அறிவு ரைட்டினுடையது.

நிறத்தைச் சொல்லால் உணர்த்துவது எத்துணை அரிது என்பதும் இத்தொழிலில் நன்கு அறியப்படும். மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? எலுமிச்சம்பழமா, கிழங்கு மஞ்சளா, பழுத்த பலாச்சுளையா? 1916ஆம் ஆண்டில் எட்மண்ட்ஸ், லீ என்னும் இருவர் யார்க்ஷயர் ஈக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். சொல்லும் படமும் போதா என்று கருதி, அந்நூலின் 50 படிகளில் உண்மையான பட்டிழைகளையும் இறகுகளையுமே இணைத்துத் தந்தனர். பின்வருவோர் ஐயமின்றி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

இனி இறகைப் பற்றிக் காண்போம். ஈயைச் சுற்றி விரியும் இறகை ஆங்கிலத்தில் ஹேக்கிள் என்பர். கோழி முதலியவற்றின் கழுத்திறகுக்கு உரிய அப்பெயர், இத்தொழிலில் எப்பறவையின் எவ்விடத்து இறகாயினும் முள்ளைச் சுற்றிக் கட்டப்படுவதற்கு ஆகிவந்தது. அவ்விறகு வன்மை, மென்மை என இருவகைப்படும். சேவலின் கழுத்திறகு விறைப்பானது. நீரின்மேல் ஊன்றி நின்று ஈயை மிதக்கச் செய்வது. தென்னிங்கிலாந்தின் தெளிந்த ஆறுகளில் மிதக்கும் ஈயைக் கொண்டு மீன்பிடிக்கும் முறையை 1886ஆம் ஆண்டில் ஹால்ஃபோர்டு என்பவர் நூல் வாயிலாகப் பரப்பினார். அம்முறைக்குச் சேவலிறகே ஏற்றது. வடநாட்டு விரைந்த ஆறுகளில் ஈ நீருக்குள்ளே மூழ்கிச் செல்லவேண்டும். அங்கே விறைத்த இறகு உயிரற்ற ஈர்க்குப் போல் நிற்கும். பெட்டைக்கோழி, கௌதாரி, உள்ளான், தாழைக்கோழி முதலியவற்றின் மெல்லிறகோ ஒவ்வோர் அலைக்கும் மூடியும் விரிந்தும் அசையும். வன்மை உயர்ந்ததன்று, மென்மை தாழ்ந்ததன்று, இடத்திற்கு ஏற்றதே உயர்ந்தது.

நல்ல இறகை எவ்வாறு தேர்வது? முதலாவது, அளவு. கீற்றின் நீளம் முள்ளின் வளைவைச் சிறிது எட்டுமளவு இருத்தல் வேண்டும். மிக நீண்டால் மீன் இறகை மட்டும் பற்றி விட்டுவிடும். மிகக் குறுகினால் அசைவு தோன்றாது. இரண்டாவது, மென்மை. இறகின் நுனியைப் பிடித்துக்கொண்டு கீற்றுகளைப் பின்னோக்கித் தடவினால் அவை தண்டிலிருந்து தனித்தனியே பிரிந்து நிற்கும். அப்போது மெல்ல ஊதினால் அவை அசைய வேண்டும். மூன்றாவது, நிறமும் பொறியும். கௌதாரியின் முதுகிலுள்ள பழுப்பு இறகில் நுண்ணிய பொறிகள் உண்டு. அவை நீரில் அசையுங்கால் பூச்சியின் கால்களில் உள்ள கணுக்கள் போலத் தோன்றும். நான்காவது, ஒழுங்கு. இருபுறக் கீற்றுகளும் ஒத்த நீளமுடையனவாய், ஒடியாதனவாய் இருத்தல் வேண்டும். அடியிலுள்ள பஞ்சுபோன்ற தூவியை நீக்கிய பின்னரே இறகைக் கட்டுதல் வேண்டும்.

ஒரு பறவையின் உடலில் ஆயிரக்கணக்கான இறகுகள் உள. எனினும் சிறு ஈக்கு ஏற்ற அளவும் நிறமும் கொண்டவை மிகச் சிலவே. அவை சிறகின் மேல்விளிம்பிலும் உட்புறத்திலும் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது பொறுமையாளர்க்கே இயலும்.

இழையும் இறகும் சேர்ந்து நிற்கும் முறைக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் காண்போம். செம்மஞ்சள் இழையில் கௌதாரியின் பழுப்பு இறகைக் கட்டுவது ஒன்று. கையில் இது பகட்டாகத் தோன்றினும், நனைந்ததும் துருநிறம் கொண்டு நீர்ப்பூச்சியாகவே மாறிவிடும். ஊதா இழையில் உள்ளானின் கருஞ்சிறகிறகைக் கட்டுவது மற்றொன்று. குளிர்காற்று வீசும் இளவேனில் நாட்களில் நீர்மேல் தோன்றும் மிகச் சிறிய கருநீலப் பூச்சிக்கு இஃது ஏற்ற சாயலாகும். மஞ்சள் இழையில் அகழெலியின் மயிரைப் பனிப்படலம்போல் தூவி, தாழைக்கோழியின் புகைநிற இறகைச் சுற்றுவது மூன்றாவது. இதில் மயிர் இழையை மூடிவிடலாகாது. மயிரினூடே மஞ்சள் தெரிதல் வேண்டும். மழைமுகிலின் ஈயநிறத்தைக் குறிக்கும் 'புளோவா' என்னும் வடநாட்டு வழக்குச்சொல் இந்த ஈயின் பெயரில் இன்றும் வாழ்கின்றது. நம் முன்னோர் மேகத்தைக் கண்டு கார்நிறம் என்றாற்போல, அவ்வுழவரும் தம் வானத்தைக் கண்டு நிறத்துக்குப் பெயரிட்டனர்.

இவை அனைத்திலும் இறகு இரண்டு சுற்றே சுற்றப்படும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் என்பவர் 1857ஆம் ஆண்டில் எழுதிய நூலிலும் மெல்லிய, இறகு குறைந்த சிலந்தி ஈக்களே போற்றப்படுகின்றன. புதியவர், ஒரு சுற்று நன்றெனில் ஐந்து சுற்று மிக நன்று என்று எண்ணி இறகைச் செறித்துவிடுவர். கீற்றுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு விறைத்து நிற்க, ஈ தூரிகை போலாகிவிடும். குறைத்தலே இங்கே நிறைவைத் தருகின்றது.

இத்தொழிலில் மறைக்கலாகாத இருண்ட பகுதி ஒன்றும் உண்டு. டாட்டரல் என்பது உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவை. ஆண்பறவையே முட்டைகளின்மேல் அமர்ந்து அடைகாக்கும். மனிதரைக் கண்டு அஞ்சிப் பறவாது அருகில் வரவிடும் இயல்பினது. அதன் சிறகில் உள்ள மஞ்சள் நுனி கொண்ட சிற்றிறகு, மஞ்சள் இழை ஈக்கு மிகப் பொருந்தும் என்று பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் இறகின் பொருட்டும் இறைச்சியின் பொருட்டும் அப்பறவையை மிகுதியாகக் கொன்றனர். வட இங்கிலாந்தின் மலைகளில் அது அருகிப்போயிற்று. நம்பி நின்ற இயல்பே அதற்குக் கேடாக முடிந்தது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அதற்குத் தனிக்காப்பு அளித்துள்ளது.

டிரவுட்டு ஈக்கு எளிய இறகு போதும். சால்மன் என்னும் பெருமீனுக்கோ 19ஆம் நூற்றாண்டின் செல்வர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஒளிமிக்க இறகுகளை வரவழைத்து ஈக்கள் கட்டினர். கடலிலிருந்து முட்டையிட ஆற்றிற்கு ஏறிவரும் சால்மன் பொதுவாக உணவு கொள்வதில்லை. ஆகவே, அந்த இறகுகளின் பகட்டு மீனின் பசிக்காக அன்று, மனிதர் கண்ணுக்காகவே அமைந்தது. நம் தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகுத்துளி போன்ற பொட்டுகள் உண்டு. அவ்வழகின் பொருட்டு அதன் தோல்கள் ஒருகாலத்தில் கடல்கடந்து சென்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையையும் காக்கின்றது.

அந்த இறகு வேட்கை இக்காலத்திலும் முற்றும் ஓயவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்தின் டிரிங் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் இளைஞன் இரவில் புகுந்து 299 பறவைத் தோல்களைக் கவர்ந்து சென்றான். அவற்றுட் சில, ஆல்ஃபிரடு ரசல் வாலஸ் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் தீவுகள்தோறும் அலைந்து திரட்டியவை. பழைய முறையில் சால்மன் ஈ கட்டுவோர்க்கு விற்பதற்காக அவ்விறகுகள் பறிக்கப்பட்டன. எங்கே, எந்நாளில் பிடிக்கப்பட்டது என்னும் குறிப்புச் சீட்டுகள் பலவற்றினின்றும் அகற்றப்பட்டன. குறிப்பிழந்த தோல் மீண்டும் கிடைத்தாலும் ஆராய்ச்சிக்கு அதன் பயன் பெரிதும் அழிந்துபோகின்றது. அவ்விறகுகளால் கட்டிய ஈக்கள் பெரும்பாலும் ஆற்றைக் காண்பதே இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் இருந்து பார்ப்போர் புகழ்ச்சியைப் பெறுவன.

பொருளை அதன் தொழிலிடத்தினின்றும் பிரித்து, அழகுக்காக மட்டும் மதிக்கத் தொடங்கினால் விளையும் கேட்டை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. நீரில் நனைத்துப் பார்ப்பவனுக்குக் கௌதாரியின் பழுப்பிறகு போதும். கிடைத்தற்கரிய இறகு வேண்டுமென்னும் ஆசை அவனுக்கு எழுவதில்லை. டாட்டரலின் இறகுக்கு மாற்றாக வளர்ப்புக் கோழியின் இறகையே சாயமிட்டு இன்று பலர் பயன்படுத்துகின்றனர். நனைந்தபின் அதன் நிறமும் அசைவும் ஒத்திருக்குமாயின் அதனை இழிவெனக் கூறுவார் யார்? மீன் இறகின் விலையை அறியாது. பறவையின் பெயரையும் அறியாது. அது காண்பது நீரில் அசையும் ஓர் உருவம் மட்டுமே.

யார்க்ஷயர் ஆற்றங்கரையில் ஒரு முதியவர் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். அருகில் ஒரு சிறு பெட்டி. வெயிலில் நிறம் வெளுக்காதபடி இருளில் வைத்த பட்டுச் சுருள்கள். பூச்சி அரிக்காதபடி காத்த சில இறகுகள். அவர் ஓர் இழையை எடுத்து இழுத்துப் பார்க்கின்றார். பழமையால் வலிகுன்றிய இழை அறுந்துவிட, அதனைத் தள்ளி வேறொன்றை எடுக்கின்றார். முள்ளில் சுற்றுகின்றார், இறகை இரண்டு முறை வளைக்கின்றார், முடிச்சிட்டு அறுக்கின்றார். கட்டிய ஈயைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகின்றாரா? இல்லை. குனிந்து, ஆற்றின் ஓரத்தில் தேங்கிய தெளிநீரில் அதனை நனைத்து, கதிரவன் ஒளியில் உயர்த்திப் பிடித்துப் பார்க்கின்றார். அங்கே அது ஒத்ததாயின் வைத்துக்கொள்வார். ஒவ்வாததாயின், எத்துணை அழகாயினும், அவிழ்த்துவிட்டு மீண்டும் கட்டுவார்.

அவிழ்த்து மீண்டும் கட்டும் அத்துணிவே அவருடைய கலை. நாம் எத்தொழில் செய்யினும், அது பயன்படும் இடத்தில் அதனை வைத்துப் பார்க்கவும், ஒவ்வாதபோது மனங்கலங்காது திருத்தவும் பழகுவோமாக.